‘அசல்’ என்னும் பெயரால்

பழைய கார்களைப் பேணுவோரிடையே ‘அசல்’ என்னும் சொல் ஒரு தீர்ப்பாகவே வழங்குகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பது அசல், எஞ்சியதெல்லாம் கலப்படம். ஐதராபாத்தின் சைனிக்புரியில் வாழும் ஒருவர், தம் இந்துஸ்தான் காண்டெசாவின் சஸ்பென்ஷனையும் சக்கரங்களையும் மேம்படுத்த எண்ணுகிறார் என்று கொள்வோம். ஓய்வுபெற்ற படையினருக்காக எழுந்த அந்தக் குடியிருப்பிலிருந்து செகந்திராபாத் வரை அன்றாடம் ஓட்டுவதற்கே அவருக்குக் கார் வேண்டும், கண்காட்சியில் நிறுத்துவதற்கன்று. உடனே அவர்முன் மூன்று குரல்கள் எழும். தூய்மைவாதி, ‘கை வைக்காதே’ என்பார். அலங்காரப் பிரியர், ‘18 அங்குல அலாய் வீல் போடு, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்து’ என்பார். சட்டமோ இவ்விருவரின் வேறுபாட்டை அறியாமல், ‘தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து விலகாதே’ என்னும். இம்மூன்று குரல்களும் பிழையானவை. அவற்றுள் முதற்குரலின் பிழையே மற்ற இரண்டுக்கும் இடங்கொடுக்கிறது.

முதலில் சொல்லையே பார்க்கலாம். ‘அசல்’ என்பது வேர் என்னும் பொருளுடைய அரபுச் சொல். உருது வழியாகத் தமிழுக்கு வந்து, ‘அசலும் வட்டியும்’ என்று கடன் பத்திரத்தில் நிலைபெற்றது. தமிழில் வேறோர் ‘அசல்’ முன்பே உண்டு. அது ‘அயல்’ என்பதன் திரிபு. ‘அசலூர்க்காரன்’ என்னும்போது நாம் ஆள்வது அதையே. ஒரே ஒலிவடிவம் மூலத்தையும் குறிக்கிறது, வெளியூரையும் குறிக்கிறது. காண்டெசாவுக்கு இவ்விரு பொருளும் பொருந்தும்.

ஏனெனில், தூய்மைவாதி காக்கத் துடிக்கும் அந்த மூலமே ஒரு தொகுப்பு. காண்டெசாவின் உடற்கூடு, 1972இல் பிரிட்டனில் வெளிவந்த வாக்ஸ்ஹால் விக்டர் எஃப்இ வரிசையினுடையது. அதன் வார்ப்புகளை வாங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1984இல் வங்காளத்தின் உத்தரபாராவிலிருந்து இக்காரைச் சந்தைக்கு அனுப்பியபோது, உள்ளே இருந்தது அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின். ‘இந்தியாவின் மசில் கார்’ என்று இன்று கொண்டாடப்படும் வாகனத்தின் தொடக்க ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறனே. 1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசு நிறுவனத்து 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பின்னரே தோற்றத்துக்கேற்ற ஓட்டம் ஓரளவு கைகூடியது. உடல் ஆங்கிலேயருடையது, இதயம் முதலில் அம்பாசிடருடையது, பிறகு ஜப்பானியருடையது. இவற்றுள் எதை அசல் என்பது? தயாரிப்பாளர் செய்த மாற்றம் வரலாறாகவும், உரிமையாளர் செய்யும் மாற்றம் களங்கமாகவும் ஆவது எந்த அளவுகோலால்?

அடுத்து, பொருள்களின் இயல்பு. இரும்பு காத்திருக்கும், ரப்பர் காத்திராது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுகச் செய்து வெடிப்புறச் செய்கின்றன. சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் அமரும் புஷ்கள் இறுகினால் அதிர்வு உடற்கூட்டுக்கு ஏறும். கிழிந்தால், தடை அழுத்தும்போது சக்கரம் தன் கோணத்திலிருந்து விலகும். உத்தரபாராவில் காண்டெசாவின் உற்பத்தி 2002இல் நின்றுவிட்டது. ஆகவே பெட்டி பிரிக்காத ‘அசல்’ புஷ் ஒன்று இன்று கிடைத்தாலும், அது இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட ரப்பர். டயருக்கும் இதே விதி. அதன் பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2419 என்றால் 2019ஆம் ஆண்டின் 24ஆம் வாரம். பள்ளங்கள் தேயாத பழைய டயரை மெச்சுவோர் இந்த நான்கு இலக்கங்களைப் படிப்பதில்லை. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. ஒரு குடும்பத்தின் உயிர் நான்கு உள்ளங்கைகளின்மேல் ஓடுகிறது. அந்த நான்கையும் அருங்காட்சியகப் பொருளாக்குவது பேணல் ஆகாது.

இதனால் அலங்காரப் பிரியர் வென்றுவிட்டதாகக் கருத வேண்டாம். அவர் செய்வது தலைகீழ்ப்பாடம். சக்கரத்தைக் கண்ணுக்காகத் தேர்ந்துவிட்டு, அதற்கேற்பச் சஸ்பென்ஷனை வளைக்கிறார். பெரிய, பாரமான சக்கரம் என்றால் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை கூடுகிறது. வேகத்தடையிலும் குழியிலும் சக்கரம் தரையைப் பின்தொடரத் திணறுகிறது. சக்கரத்தின் ஆஃப்செட் மாறினால் டயரின் நடுக்கோடு வெளியே தள்ளப்பட்டு, பேரிங்கின் சுமையும் ஸ்டியரிங்கின் இழுப்பும் மாறுகின்றன. வெட்டிய ஸ்பிரிங் உயரத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. கடினமாகிறது, இருக்கையில் சரியாக அமராமலும் போகலாம். அந்தக் கடினத்தை அடக்கப் பழைய ஷாக் அப்சார்பருக்கு ஆற்றல் இல்லை. ஆகவே கார் துள்ளும். துள்ளும் டயருக்குப் பிடிமானம் இல்லை.

முறையான வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில் புஷ்கள், பந்து மூட்டுகள், பேரிங்குகள். அடுத்து நான்கு ஷாக் அப்சார்பர்களும் ஒருசேர. அவற்றுக்கு இணங்கிய ஸ்பிரிங்குகள். அதன் பிறகே சக்கரம். சக்கரத்தில் ஓர் அங்குலம் கூட்டினாலும், பக்கச்சுவரைக் குறைத்து டயரின் மொத்த விட்டத்தைப் பழைய அளவை ஒட்டியே வைக்க வேண்டும். இல்லையேல் வேகமானி பொய் சொல்லும். டயரின் சுமைக் குறியீடு காரின் எடைக்குக் குறையக்கூடாது. ட்யூப் டயருக்காக வார்த்த பழைய ரிம்மில் ட்யூப் இல்லாத டயரைப் பொருத்துமுன், டயரின் விளிம்பைப் பிடித்துவைக்கும் மேடு அதில் உண்டா என்று பார்க்க வேண்டும். இறுதியாகச் சக்கரக் கோணச் சீரமைப்பு. இவ்வரிசையில் வேலை முடிந்த காரைப் புகைப்படத்தில் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. அதனாலேயே இதற்கு விருப்பக்குறிகள் குறைவு.

இனிச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச்சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றோடு முரண்படும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. கண்டபடி மாற்றப்பட்ட வாகனங்கள் பிறர் உயிருக்கும் ஊறு என்பதால் சட்டத்தின் அச்சம் நியாயமானது. ஆனால் அதே சட்டம், ஒப்புதல் பெற்ற கருவித்தொகுதி இருந்தால் எரிபொருள் மாற்றத்துக்காக எஞ்சினில் கைவைக்கவும் இடந்தருகிறது. எஞ்சினை மாற்றத் தெளிவான வழி உண்டு. அதிர்வைத் தாங்கும் உறுப்புகளைத் தரமுயர்த்துவதோ பராமரிப்பா, மாற்றமா என்னும் ஐயத்தில் நிற்கிறது.

2021இல் வந்த பழம்பெரு வாகன விதிகளும் இவருக்கு உதவா. 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கே அவை பொருந்தும். முதல் காண்டெசாவுக்கே 2034 வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்து 20,000 ரூபாய் கட்டிப் புதுப்பதிவு பெற்றாலும் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். ஆக, ஓட்டுவதற்காகப் பேணுபவருக்குச் சட்டத்தில் பெயரே இல்லை.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 40 ஆண்டு கடந்த கார், கடந்த 30 ஆண்டுகளில் பெருமாற்றம் அடையவில்லையென்றால் ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்குப் பெறுகிறது. அச்சிலும் ஓட்ட உறுப்புகளிலும் பாதுகாப்பையோ செயல்திறனையோ உயர்த்தச் செய்த மாற்றம் ‘பெருமாற்றம்’ ஆகாது என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. காண்டெசாவின் தாயான விக்டருக்கு அங்கே உள்ள உரிமை, மகளுக்கு இங்கே இல்லை.

தூய்மைவாதியின் வாதத்தில் வலுவான பகுதி ஒன்றுண்டு: கழற்றி எறிந்த உறுப்போடு சான்றும் அழிகிறது. உண்மை. அதற்குரிய விடை தடை அன்று, ஒழுங்கு. வெட்டாமல், பற்றவைக்காமல், பழைய போல்ட் துளைகளிலேயே பொருத்த வேண்டும். கழற்றியவற்றைப் பெயரிட்டுப் பாதுகாக்க வேண்டும். செய்ததைத் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். சுவடியைப் பதிப்பிப்பவர் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் தருவதும் இவ்வொழுங்கே. திருத்தம் எது, மூலம் எது என்று பின்வருவோர் பிரித்தறிய முடிந்தால் வரலாறு அழிவதில்லை.

எனவே கோரிக்கை எளியது. மாற்றங்களுக்கான தரமும் நிபந்தனையும் வகுக்க 52ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அளித்துள்ள அதிகாரத்தைப் பழைய கார்களின் சஸ்பென்ஷன், தடை, சக்கரம் ஆகியவற்றுக்கும் பயன்படுத்துக. தகுதியுள்ள பொறியாளர் சோதித்துச் சான்றளிக்கட்டும். பதிவுச்சான்றில் அது ஏறட்டும். ஸ்பிரிங்கை வெட்டியவர் அதில் தோற்பார். புஷ் மாற்றியவர் தேறுவார். இன்று சட்டம் இருவரையும் ஒரே கூண்டில் நிறுத்துகிறது. தூய்மைவாதிகள் அதைக் கண்டு கைதட்டுகிறார்கள். மறுப்பவர்கள், இற்றுப்போன ரப்பரில் எந்த வரலாறு எஞ்சியிருக்கிறது என்று விளக்கிவிட்டு மறுக்கட்டும்.