`தும்பிக்கை மாதிரி இருக்குடா!' - சிபேப் மெஷின்கள் முதல் மாதமே பரணுக்குப் போவது ஏன்?

மாஸ்க்கை மாட்டி, ஸ்ட்ராப்பை இழுத்துவிட்டு, பீரோ கண்ணாடியில் தன்னைப் பார்த்தார் அப்பா. "என்னடா இது, தும்பிக்கை மாதிரி இருக்கு!" என்றார். வீடே சிரித்தது. ராத்திரி 1 மணிக்கு எழுந்து பார்த்தால், மாஸ்க் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. மெஷின் தரைக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தது. அப்பா பழையபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அறுபதாயிரம் ரூபாய். அம்மாவின் சீட்டுப் பணம்.

அப்பாவுக்கு 54 வயது. திண்டுக்கல்லில் வாடகை வேன் ஓட்டுகிறார். அவர் குறட்டை எங்கள் வீட்டில் பல வருஷ காமெடி. 2023-ல் `குட் நைட்' படம் வந்தபோது, மணிகண்டனின் `மோட்டார் மோகன்' கேரக்டரைப் பார்த்துவிட்டு "உங்க அப்பா கதையை யாரோ சொல்லிட்டாங்கடா" என்றார் அம்மா. சிரிப்பு நின்றது ஒரு விடியற்காலையில். சென்னை ஏர்போர்ட் சவாரியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது, திண்டிவனம் தாண்டி வேன் மீடியனை உரசியது. நல்லவேளை, பின்னாடி வண்டி எதுவும் வரவில்லை. இதையும் அவர் எங்களிடம் சொன்னது ரெண்டு மாசம் கழித்துத்தான். "ஒரு செகண்ட்தான்டா கண் அசந்துச்சு."

ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டில் 38 என்று வந்தது. அதாவது, தூக்கத்தில் மணிக்கு 38 தடவை மூச்சு நிற்கிறது அல்லது பாதியாகக் குறைகிறது. ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 விநாடி. இந்த எண் 5-க்குக் கீழே இருந்தால் நார்மல், 15 வரை லேசானது, 30 வரை மிதமானது, அதைத் தாண்டினால் தீவிரம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, காற்று போகும் வழி அடைபடுகிறது. ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை அலறியடித்து எழுப்புகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. காலையில் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் தூங்கியதாகத்தான் நினைத்துக்கொள்வார்.

இது அபூர்வமான நோய் என்று நினைக்க வேண்டாம். இந்திய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது. அவர்களில் 4.7 கோடிப் பேருக்கு மிதமான அல்லது தீவிர பாதிப்பு. ஆண்களில் 13 சதவிகிதம், பெண்களில் 5 சதவிகிதம். (பெண்கள் குறட்டையை வெளியே சொல்வதே இல்லை. அதை வைத்து 2024-ல் `டியர்' என்று ஒரு படமே வந்தது.) 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹரி இறந்தபோது, காரணங்களில் ஒன்றாக மருத்துவர்கள் சொன்னது இந்த ஸ்லீப் ஆப்னியாவைத்தான். அன்றைக்கு ஒருநாள் கூகுளில் எல்லோரும் தேடினோம். மறுநாள் மறந்துவிட்டோம்.

இதற்கான முதல் சிகிச்சை இன்றைக்கும் சிபேப்தான். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் `லான்செட்' இதழில் ஐந்து நோயாளிகளை வைத்து எழுதிய கட்டுரையில் ஆரம்பித்த கதை. வாக்குவம் க்ளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்து காற்றை ஊதவிட்டார் மனிதர். அடிப்படை இன்றும் அதேதான்: மூக்கு வழியாகத் தொடர்ந்து மெல்லிய அழுத்தத்தில் காற்று போய், தொண்டை மூடிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்கிறது. மெஷினில் சந்தேகமே இல்லை, வேலை செய்யும். ஆனால், மாட்டினால்தானே?

எங்கள் வீட்டில் மெஷினைக் கொண்டுவந்த சேல்ஸ் தம்பி 15 நிமிஷத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் போன் செய்தால் "மாஸ்க் கவரைப் பிரிச்சுட்டீங்கன்னா ரிட்டர்ன் இல்ல சார்" என்றார். அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவில்லை. அடுத்த பத்து நாளும் அப்பாவும் மெஷினும் குஸ்தி போட்டார்கள். கண்ணுக்குள் காற்று அடிக்கிறது. வாய் வறண்டு பாலைவனமாகிறது. வயிறு உப்பிக்கொள்கிறது. மூச்சை வெளியே விடும்போது யாரோ திருப்பித் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. "இதுக்கு அந்தக் குறட்டையே தேவலாம்" என்றார் அம்மாவே ஒருகட்டத்தில்.

மெஷின் பரணுக்குப் போகிற நேரத்தில்தான், மருத்துவமனையின் ஸ்லீப் டெக்னீஷியனிடம் அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். அவர் மெஷினைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "மீசைங்கய்யா" என்றார்.

உண்மையிலேயே மீசைதான். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க்கைத் தந்திருந்தார்கள். அடர்ந்த மீசை மேல் சிலிகான் சரியாக உட்காராமல் காற்று கசிந்து கண்ணுக்குப் போனது. கசிவை நிறுத்த அப்பா ஸ்ட்ராப்பை இன்னும் இறுக்கினார். இறுக்க இறுக்க மாஸ்க் கோணிக்கொண்டு இன்னும் கசிந்தது, கன்னத்தில் தழும்பும் விழுந்தது. போதாக்குறைக்குப் படுக்கும் முன் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம். எண்ணெயில் சிலிகான் வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும்.

மீசையை எடுப்பதா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சின்ன மாஸ்க் ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். கச்சிதம். படுத்த நிலையில், மெஷினை ஓடவிட்டு, புரண்டு படுக்கச் சொல்லி அளவு பார்த்தார் டெக்னீஷியன். உட்காரவைத்து அளவு பார்த்தால் படுக்கும்போது முகம் மாறிவிடுமாம். இது நமக்குத் தோணுமா?

மீதியெல்லாம் செட்டிங்ஸ் விஷயம். தூக்கம் வரும்வரை குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து மெல்ல ஏற்றும் `ரேம்ப்' வசதி அணைந்தே கிடந்தது. வெளிமூச்சின்போது அழுத்தத்தைக் குறைக்கும் வசதியும் அப்படியே. வாய் வறட்சிக்கு ஹியூமிடிஃபையரைக் கொஞ்சம் ஏற்றினார். ஏ.சி ரூமில் படுப்பவர்கள் இதை ரொம்ப ஏற்றினால் டியூபுக்குள் தண்ணீர் கோத்து மூக்கில் சொட்டும், பார்த்துக்கொள்ளுங்கள். அதில் ஊற்றவேண்டியது டிஸ்டில்டு வாட்டர், தினமும் மாற்ற வேண்டும். நாங்கள் ஊற்றியது போர் தண்ணீர், உப்பு படிந்து வெள்ளையாகிவிட்டது. வயிறு உப்புவதற்கு அழுத்தத்தை மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் அதை டாக்டர்தான் செய்ய வேண்டும். யூடியூப் பார்த்து நாமே கை வைக்கக் கூடாது.

அவர் தந்த `ஹோம்வொர்க்'தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பகலில் டி.வி பார்க்கும்போது அரை மணி நேரம் மாஸ்க்கோடு உட்காருங்கள் என்றார். மூச்சுமுட்டும் பயம் போக அதுதான் வழியாம். ஒரு வாரம் அப்பா நியூஸ் சேனல் விவாதங்களைத் தும்பிக்கையோடு பார்த்தார். ராத்திரி கழன்று விழுந்தால் திட்டிக்கொள்ளாமல் திரும்ப மாட்டச் சொன்னார்.

இத்தனைக்கும் ஆன நேரம் 40 நிமிஷம். இந்த 40 நிமிஷம் கிடைக்காததால்தான் மெஷின்கள் பரணில் தூங்குகின்றன என்பது என் கணிப்பு. நோயாளிக்குப் பொறுமை இல்லை என்று சொல்வது சுலபம். அமெரிக்காவில் முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேர் ஒரு விதி வைத்திருக்கிறது. முதல் 3 மாதத்துக்குள், தொடர்ந்து ஏதாவது 30 நாளில், 70 சதவிகித இரவுகளில் குறைந்தது 4 மணி நேரம் மெஷினைப் பயன்படுத்தியிருக்க வேண்டும், டாக்டரும் மறுபடி பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் நின்றுவிடும். கறாரான விதிதான், ஏழைகளை வெளியே தள்ளுகிறது என்ற விமர்சனமும் உண்டு. ஆனாலும், அந்த முதல் மூன்று மாதம் ஒருவர் மாட்டுகிறாரா இல்லையா என்று யாரோ பார்க்கிறார்கள். இங்கே வாரன்டி கார்டில் சீல் வைத்ததோடு சரி.

2025 செப்டம்பர் 22 முதல் மருத்துவக் கருவிகள் பலவற்றுக்கு ஜி.எஸ்.டி 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. சுவாச சிகிச்சைக் கருவிகளும் அதில் அடக்கம். நல்ல விஷயம். மத்திய அரசு ஊழியர்களுக்கு சி.ஜி.ஹெச்.எஸ் திட்டத்தில் சிபேப்புக்குப் பணம் கிடைக்க வழி இருக்கிறது. தனியார் பாலிசிகளில் பல, வீட்டில் பயன்படுத்தும் கருவி என்று சொல்லிக் கைவிரிக்கும். அதனால்தான் வேன் டிரைவர் வீட்டில் சீட்டுப் பணம் உடைகிறது. வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்க்க முடியும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள் மாடலையும் தயாரிப்புத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உலகம் முழுக்க லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்ப அழைத்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த ஃபோம் சிதைந்து, துகள்கள் காற்றோடு உள்ளே போகலாம் என்பது காரணம். 2021 ஏப்ரலுக்கு முன் தயாரான பல மாடல்கள் அந்தப் பட்டியலில் உண்டு.

இப்போது புதுசாக ஒரு கேள்வி. "ஊசி வந்துடுச்சாமே, அப்புறம் எதுக்கு இந்த மெஷின்?" அப்பாவும் கேட்டார், வாட்ஸ்அப் உபயம். டிர்செபடைட் என்ற எடைக் குறைப்பு ஊசியை, உடல் பருமனோடு மிதமான அல்லது தீவிர ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கும் பயன்படுத்தலாம் என 2024 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அனுமதித்தது உண்மை. சர்க்கரை நோய்க்கும் எடைக் குறைப்புக்கும் அது 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கும் வந்துவிட்டது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு ஆரம்பத்தில் மணிக்கு சராசரியாக 50 தடவை மூச்சுத்தடை இருந்தது. 52 வாரம் ஊசி போட்டபின், அதில் 25 முதல் 29 வரை குறைந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால், மிச்சம் 20-க்கு மேல் இருக்கிறதே? தவிர, அது ஒரு வருஷக் கணக்கு. இன்றைக்கு ராத்திரி தூங்க வேண்டுமே? அப்பா மாதிரி பெரிய தொப்பை இல்லாமல், சின்னத் தாடையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு எடை குறைவதால் எவ்வளவு பலன் வரும் என்பது தனிக் கேள்வி. ஊசி வரட்டும், விலை குறையட்டும். அதைக் காரணம் காட்டி மெஷினைக் கழற்றிவைப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நடைமுறைத் தொல்லைகள் தீர்ந்தபாடில்லை. கரன்ட் போனால் மெஷின் நின்றுவிடும், இன்வெர்ட்டர் வேண்டும். பல ரயில்களில் ராத்திரி 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்டில் கரன்ட் இருக்காது. கரெக்டாக மெஷின் தேவைப்படும் நேரம்!

தூக்கம் கட்டுக்குள் வரும்வரை இரவுச் சவாரி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏர்போர்ட் டிரிப்தான் அப்பாவுக்கு நல்ல வருமானம். ஆறு வாரம் லோக்கல் சவாரியில் ஓட்டினோம், வீட்டில் கொஞ்சம் முறைப்பும் இருந்தது. போன வாரம் மெஷினின் டேட்டாவை எடுத்துக்கொண்டு போனோம். சராசரி 5 மணி 40 நிமிஷம், மூச்சுத்தடை மணிக்கு 4. டாக்டர் தலையாட்டினார்.

திரும்பி வரும் வழியில் அப்பா கேட்டார்: "வேன்ல இருக்கிற 12 வோல்ட் சாக்கெட்ல இந்த மெஷினை ஓட்ட ஏதோ கன்வெர்ட்டர் இருக்காம்லடா? சபரிமலை சீசன்ல வண்டியிலதானே படுக்கணும். என்ன விலைன்னு போன்ல பாரு."