நேரடி ஜனநாயகம்: எல்லையூர் காட்டும் இரு முகங்கள்

ஓசூரைக் கடந்து கர்நாடகத்துக்குள் நுழைந்ததும் நெடுஞ்சாலையில் வரும் முதல் ஊர் அத்திபெலே. நேரடி ஜனநாயகத்தின் சாதக பாதகங்களை எடைபோட இந்த எல்லையூரைவிடப் பொருத்தமான இடம் அரிது.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் கிராம சபைக்கு அங்கீகாரம் அளித்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அதன் வலிமையை ஒடிசாவின் நியம்கிரி மலைவாழ் மக்கள் நிரூபித்தனர். அங்கே பாக்சைட் சுரங்கம் அமைப்பது குறித்து கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிய 12 சபைகளும் திட்டத்தை நிராகரித்தன.

விந்தை என்னவென்றால், ஊர் வளர்ந்தால் இந்த உரிமை மறைந்துவிடுகிறது. ஊராட்சியாக இருந்து நகராட்சியாகத் தரம் உயர்ந்த அத்திபெலே மக்களுக்குக் கிராம சபை இல்லை. நகர்ப்புறங்களுக்கான 74-வது திருத்தம், 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள இடங்களில் மட்டுமே வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. சிறு நகரங்கள் அதில் அடங்கா. எல்லைக்கு இப்பால் தமிழகமோ 2022-இல் நகர்ப்புறங்களிலும் பகுதி சபைகளைக் கொண்டுவந்தது.

இது ஒரு முகம். மறுமுகத்தை 2016 செப்டம்பரில் இதே ஊர் கண்டது. காவிரி நீர்த் திறப்பை எதிர்த்துக் கர்நாடகத்தில் வன்முறை வெடித்தபோது பேருந்துகள் நின்றன. மூட்டை முடிச்சுகளுடன் மக்கள் எல்லையை நடந்தே கடந்தனர். காவிரி நீரைக் குடிநீருக்கு மட்டுமே பயன்படுத்துவது என்று அம்மாதம் 23-ஆம் தேதி கர்நாடகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. அன்று பொதுவாக்கெடுப்பு நடந்திருந்தால் கர்நாடகத்தில் ஒரு தீர்ப்பும், தமிழகத்தில் நேர்மாறான தீர்ப்பும் வந்திருக்கும். இரண்டும் மக்கள் தீர்ப்பே. ஆனால் தஞ்சை விவசாயிக்கு பெங்களூருவில் வாக்கில்லை, மண்டியா விவசாயிக்குச் சென்னையில் வாக்கில்லை. தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று 2018-இல் வகுத்தது இரு தரப்பையும் கேட்ட உச்ச நீதிமன்றமே.

நேரடி ஜனநாயகத்தின் தாயகமாகக் கருதப்படும் சுவிட்சர்லாந்தும் இதற்கு விலக்கல்ல. ஆண்கள் மட்டுமே வாக்களித்த 1959 வாக்கெடுப்பில் பெண்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1971 வரை அவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

ஆக, பிரச்னை மக்கள் முடிவெடுப்பதில் இல்லை. முடிவின் சுமையைத் தாங்குவோர் சபைக்குள் இருக்கிறார்களா என்பதில்தான் இருக்கிறது. தெருவிளக்கு, கழிவுநீர், குடிநீர்க் குழாய் ஆகியவற்றில் முடிவெடுப்பவரும் பாதிக்கப்படுபவரும் ஒருவரே. அங்கே சபையை மறுப்பது அநீதி. நதிநீர், சிறுபான்மையோர் உரிமை ஆகியவற்றில் அப்படியல்ல. அங்கே பெரும்பான்மையின் கைதூக்கலுக்கு மேலாக நீதிமன்றமும் அரசியல் சட்டமும் நிற்க வேண்டியிருக்கிறது.

சாலையோரச் சாக்கடையைப் பற்றிக் கேட்க அத்திபெலே வாக்காளருக்கு ஒரு சபை வேண்டும். காவிரியைப் பங்கிட அந்தச் சபை போதாது.