பெட்ரோலுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு வேண்டும்

"வண்டி முன்னே மாதிரி மைலேஜ் தரலை" என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. கணக்கு எழுதியே பென்ஷன் வாங்கிய குமாஸ்தா நான். இதையும் கணக்காகவே பார்ப்போமே.

குளிர்நாடுகளில் பெட்ரோல் பருவத்துக்குப் பருவம் மாறும். குளிரில் எஞ்சின் சட்டென்று கிளம்ப, எளிதில் ஆவியாகும் பியூட்டேனை அதிகம் கலப்பார்கள். மைலேஜ் சற்றுக் குறையும். கோடையில் அதைக் குறைப்பார்கள்; இல்லாவிட்டால் ஆவியாகிக் காற்றைக் கெடுக்கும். அமெரிக்க பங்க்குகளில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை கோடைக் கலவைதான் விற்க வேண்டும்.

நம் புதுச்சேரியில் குளிர்காலம் ஏது? நம் பெட்ரோலில் வந்த மாற்றம் வேறு: 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, இ20-க்காக வடிவமைக்காத பழைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும், கார்களில் 6 முதல் 7 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்கிறது. மாதம் 10 லிட்டர் போடும் ஸ்கூட்டர்காரருக்கு ஏறக்குறைய 40 ரூபாய் நஷ்டம். பென்ஷன்காரருக்கு அதுவும் காசுதான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். இருசக்கர வண்டிப் புகையில் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையும் என்கிறது அதே அறிக்கை. கச்சா எண்ணெய் இறக்குமதியும் குறைகிறது. ஆகவே எத்தனாலே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல.

என் கேள்வி வேறு. பிரான்சில் இருக்கும் உங்கள் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே 10 சதவீதம் வரை எத்தனால் சேரும் 'எஸ்.பி.95-இ10' 2009-ல் வந்தது. எத்தனால் குறைவான எஸ்.பி.98-ம் பக்கத்திலேயே கிடைக்கும், விலைதான் கூடுதல். 2018 முதல் பம்ப்பில் வட்டச் சீட்டில் இ5, இ10, இ85 என்று எழுதியிருக்கிறது. புது வண்டியின் டேங்க் மூடி அருகிலும் அதே சீட்டு. எதைப் போடுவது என்பது வாங்குகிறவர் முடிவு.

இங்கே சாதாரண பெட்ரோல் என்றாலே இ20தான். எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு 2025 செப்டம்பரில் தள்ளுபடியானது. சரி, தேர்வுதான் இல்லை. பெரிய எழுத்தில் ஒரு சீட்டு, குறைந்த சக்திக்கேற்ற குறைந்த விலை, இவ்விரண்டையுமாவது கொடுக்கலாமே! மளிகைக்கடையில் எடை குறைந்தால் காசைக் குறைக்கச் சொல்கிறோம். பங்க்கில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?