செவிக்கு எட்டாத நீதிமன்றம்

ஜான் கிரிஷாமின் 'தி எக்ஸ்சேஞ்ச்' (2023) நாவலை ஒலிநூலாகக் கேட்டு முடித்தேன். ஏமாற்றமே மிஞ்சியது. 1991இல் வெளிவந்த 'தி ஃபர்ம்' நாவலின் தொடர்ச்சி இது. முந்தைய நாவலில் மிட்ச் மெக்டியருக்கு நேர்ந்த இக்கட்டு சட்டத்தின் உள்ளிருந்தே எழுந்தது: கட்சிக்காரரின் இரகசியத்தைக் காத்தால் குற்றத்துக்கு உடந்தை, வெளியிட்டால் வழக்கறிஞர் தொழிலே பறிபோகும். இப்போதோ லிபியாவில் சக வழக்கறிஞர் ஒருவர் கடத்தப்படுகிறார். மீட்புத்தொகையான 10 கோடி டாலரைத் திரட்ட மிட்ச் நாடு நாடாகப் பறக்கிறார். இதை ஒரு வங்கி அதிகாரியே செய்திருக்கலாம்! துருக்கிய நிறுவனம் கட்டிய பாலத்துக்கான நிலுவை வழக்கு பின்னணிக்குப் போய்விடுகிறது.

மொழியியல் பயின்ற எனக்கு மற்றொரு குறையே பெரிதாகப் படுகிறது. குறுக்கு விசாரணை, விதிகளுக்கு உட்பட்ட உரையாடல். வினவுபவர் தாம் வேண்டும் விடையை வினாவுக்குள்ளேயே பொதிந்துவைக்கிறார்; சாட்சியின் நொடிநேர மௌனமும் அங்கே பொருள் தருகிறது. அச்சில் அம்மௌனத்தை விவரித்தாக வேண்டும். ஒலிநூலிலோ அது காதிலேயே விழும். சட்டப் புதினத்துக்கு இதனினும் பொருத்தமான ஊடகம் ஏது? ஆனால் இந்நாவலின் பேச்சுவார்த்தைகளுள் பல, கதைசொல்லியின் சுருக்க உரையாகவே வந்துசேர்கின்றன. அச்சுநூலாயின் இத்தகைய பத்திகளை விரைந்து கடந்திருப்பேன். மிட்ச் ஒருவரையேனும் கூண்டில் ஏற்றி வினவுவார் என்று இறுதி அத்தியாயம்வரை காத்திருந்தேன்.