ராகேலின் கல்லறை எழுப்பும் கேள்வி



குழந்தைப்பேறு மகிழ்ச்சியின் செய்தி. ஆனால், 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 2 இலட்சத்து 60 ஆயிரம் பெண்கள் கருவுற்ற காலத்திலோ, பிரசவத்தின்போதோ, அதையடுத்த நாள்களிலோ இறந்தார்கள் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அதாவது, நாளொன்றுக்கு 700க்கும் மேற்பட்ட தாய்மார்கள். அவர்களுள் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்ரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். இம்மரணங்களில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை.

மேற்கு ஆப்ரிக்க நாடான சியெரா லியோனின் அனுபவம் நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரால் சிதைந்த நாடு அது. 2008ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி, நான்கில் ஒரு பிரசவமே அங்கு மருத்துவ நிலையத்தில் நடந்தது. கட்டணத்திற்கு அஞ்சியே பலர் வீட்டில் தங்கிவிட்டனர். 2010 ஏப்ரல் 27 அன்று, கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கியது. 2014இல் பரவிய எபோலா நோய், நலப்பணியாளர்கள் பலரைப் பலிவாங்கியது. இருப்பினும், 2019இல் 83 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன.

மரணம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அந்நாட்டுக் கணக்கெடுப்புகளின்படி, ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2013இல் 1,165 ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2019இல் 717 ஆனது. பின்னரும் அது குறைந்து வந்தாலும், உலக சராசரியைவிட இன்னும் அதிகமே.

காரணம் என்ன? பிரசவத்திற்குப் பின் ஏற்படும் இரத்தப்போக்கு சில மணி நேரத்திலேயே உயிரைப் பறித்துவிடும். அதை நிறுத்தும் ஊசிமருந்தைக் குளிரில் வைக்க மின்சாரம் வேண்டும். ஏற்றுவதற்கு இரத்தம் வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். மழைக்காலச் சாலையில் ஆம்புலன்ஸ் ஓட வேண்டும். இவை இல்லாத இடத்தில், மருத்துவமனையின் கதவு திறந்திருந்தும் தாய் இறக்கிறாள்.

தொடக்கநூலில் ராகேலைப் பார்க்கிறோம். பெனியமினைப் பெற்றெடுத்தபோது அவர் அருகில் மருத்துவச்சி இருந்தார். அஞ்ச வேண்டாம் என்று ஆறுதலும் சொன்னார். ஆயினும் ராகேல் எப்ராத்துக்குப் போகும் வழியிலேயே இறந்து அடக்கம் செய்யப்பட்டார். ஆறுதல் மட்டும் போதாது என்பதை அக்கல்லறை சொல்கிறது. அன்று வேறு வழியில்லை. இன்று வழி உண்டு. அது ஏழைகளை எட்டவில்லை. எனவே இது விதியல்ல, நீதி சார்ந்த கேள்வி. 2025இல் செல்வந்த நாடுகள் சில வெளிநாட்டு உதவியைக் குறைத்தபோது, அதன் சுமை இத்தாய்மார்மீதும் விழுந்தது.

கருவிலுள்ள குழந்தையின் உயிருக்காகக் குரல் கொடுப்பவர்கள் நாம். அக்குழந்தையைச் சுமக்கும் தாயின் உயிருக்காகவும் அதே உறுதியோடு பேசுகிறோமா? அன்னை மரியா எலிசபெத்தை வாழ்த்தியதோடு திரும்பிவிடவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் உடன் தங்கினார். நம் பங்கிலுள்ள கர்ப்பிணிகளை அன்பியங்கள் வழியாகச் சந்திப்போம். இளையோர் இரத்ததானம் செய்ய முன்வருவார்களாக. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் செவிலியர் இருக்கிறாரா எனக் கேட்போம். தொலைவிலுள்ள தாய்மாரையும் நம் செபத்திலும் காணிக்கையிலும் நினைவுகூர்வோம்.

வாழ்வின் ஆண்டவர் எல்லாத் தாய்மாரையும் காப்பாராக!