வீட்டுக் குழந்தை பராமரிப்பாளர்களின் வதிவிடப் பாதை மூடப்பட்டதைக் கண்டிக்கிறோம்

கனடாவில் பிறர் வீடுகளில் குழந்தைகளைப் பராமரிக்கும் தொழிலாளர்களுக்கு நிரந்தர வதிவிடம் தரும் முன்னோடித் திட்டம், 2026 மார்ச்சில் மீண்டும் திறக்கப்படாது என்று மத்திய குடிவரவுத் துறை 2025 டிசம்பரில் அறிவித்தது. எப்போது திறக்கும் என்பதற்கு நாளும் குறிக்கவில்லை. இந்த முடிவை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

முந்தைய திட்டம் 2024 ஜூனில் முடிந்தது. அதன் பிறகு ஒன்பது மாதம் காத்திருந்துதான், 2025 மார்ச் 31 அன்று, புதிய திட்டம் திறந்தது. குழந்தை பராமரிப்புப் பிரிவுக்கு அந்த ஆண்டு ஒதுக்கப்பட்டவை 2,750 இடங்கள். திறந்த அன்றே அவை நிரம்பிவிட்டன. அது திங்கட்கிழமை, வேலை நாள். மொழித் தேர்வுச் சான்றிதழும் முதலாளியின் கடிதமும் தயாராக வைத்திருந்தும், கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் கணினி முன் உட்காருவதற்குள் பலருக்கு வாய்ப்பு போய்விட்டது. வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது. அடுத்த மார்ச் வரை பொறுத்திருப்போம் என்று தங்களைத் தேற்றிக்கொண்டவர்களுக்கு இப்போது அந்த மார்ச்சும் இல்லை.

ஒரு சிறப்புத் திட்டத்தையே இவர்கள் நம்பியிருக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? தேசியத் தொழில் வகைப்பாட்டில் இவர்களுக்குக் கொடுத்திருக்கும் இடம்தான் காரணம். 2022 நவம்பர் முதல் குடிவரவுத் துறை பின்பற்றும் வகைப்பாடு, தொழில்களை 0 முதல் 5 வரை ஆறு படிகளில் அடுக்குகிறது. டேகேரில் பணிபுரியும் குழந்தைப் பருவக் கல்வியாளர்களின் குறியீடு 42202; அவர்கள் 2ஆம் படி. அங்குள்ள உதவியாளர்களும் அதே குறியீட்டில், அதே படியில்தான் இருக்கிறார்கள். வீட்டில் குழந்தை பார்ப்பவரின் குறியீடு 44100. அவர் 4ஆம் படி. திறன் தொழிலாளர்களுக்கு நிரந்தர வதிவிடம் தரும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 3ஆம் படியோடு நின்றுவிடுகிறது. 2025இல் அதன் கல்வித் தொழில்கள் பிரிவில் 42202 சேர்க்கப்பட்டதை நாங்கள் மனதார வரவேற்றோம். அந்தச் சகோதரிகள் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் டேகேர் உதவியாளரைத் திறன் தொழிலாளராக ஏற்கும் அரசு, பத்து மணி நேரம் தனி ஆளாக இரண்டு குழந்தைகளைக் காப்பவரை ஏற்க மறுப்பது எந்த அளவுகோலின்படி?

டேகேரில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறினால் பக்கத்து அறையில் மேற்பார்வையாளர் இருக்கிறார். வீட்டில் எவரும் இல்லை. நிலக்கடலை ஒவ்வாமையால் உதடு வீங்கும் பிள்ளைக்கு எபிபென் ஊசியைத் தொடையில் ஏற்றி, 911க்கு அழைத்து, அழும் தம்பியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் கதவைத் திறப்பவர் அந்த ஒருவர்தான். இரண்டு வயதாகியும் பேச்சு வராததை முதலில் கவனித்துப் பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்பவரும் அவரே. இந்தப் பொறுப்பு எதுவும் 44100 என்ற குறியீட்டின் படியைத் தீர்மானிப்பதில் எடைபோடப்பட்டதாகத் தெரியவில்லை.

இது இன்று நேற்று தொடங்கிய கதையல்ல. 1955இல் கரீபியன் பெண்களை வீட்டு வேலைக்கென்று அழைத்தது கனடா. பிள்ளைகள் இருப்பதை விண்ணப்பத்தில் சொல்லவில்லை என்று 1970களில் ஜமேக்காத் தாய்மார் எழுவரை நாடுகடத்த உத்தரவிட்டது. அவர்கள் போராடி 1979இல் வென்றார்கள். வேலைக்குத் தகுதி உண்டென்றால் இங்கே வாழவும் தகுதி உண்டு என்பதுதான் அன்று எழுந்த முழக்கம். 1992 முதல் 2014 வரை, முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்ற நிபந்தனையை வந்தவர்கள் சுமந்தார்கள். அப்போதுகூட 24 மாத வேலைக்குப் பின் விண்ணப்பிக்க ஒரு வழி இருந்தது.

இந்த நிறுத்தத்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் சேர்க்கும் பிள்ளை 22 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். முழுமையான விண்ணப்பம் துறையின் கைக்குப் போய்ச் சேரும் நாளில்தான் அந்த வயது கணக்கிடப்படுகிறது. விண்ணப்பிக்கவே வழியில்லாதபோது கணக்கு எப்படி நிற்கும்? ஊரில் அம்மம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு வந்து இங்கே அடுத்தவர் பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு, கடந்துபோகும் ஒவ்வொரு மாதமும் தன் பிள்ளையை இழக்கும் அபாயத்தைக் கூட்டுகிறது. திட்டம் பிறகு திறந்தாலும் 22ஐத் தாண்டிய பிள்ளைக்கு அது உதவாது.

நாளொன்றுக்கு 10 டாலர் குழந்தை பராமரிப்பு என்று 2021 வரவு செலவுத் திட்டத்தில் வாக்குறுதி தந்த அரசு இது. ஆனால் இரவுப் பணிக்குப் போகும் தாதிக்கும் விடியற்காலையில் தொழிற்சாலைக்குப் போகும் தந்தைக்கும் டேகேர் நேரங்கள் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை. அந்த வீடுகள் ஓடுவது எங்கள் உறுப்பினர்களைப் போன்றவர்களின் உழைப்பில்தான்.

எனவே திட்டத்தை உடனே திறக்க வேண்டும். இடங்களை முந்திக்கொள்பவருக்கு என்றில்லாமல் வேலை அனுபவத்தின் அடிப்படையில் ஒதுக்க வேண்டும். நிறுத்தம் தொடங்கிய நாளில் பிள்ளைகளுக்கு இருந்த வயதையே கணக்கில் கொள்ள வேண்டும். அனுமதிப்பத்திரம் காலாவதியாகும் நிலையில் உள்ளவர்களுக்கு, முதலாளியோடு பிணைக்காத வேலை அனுமதி வழங்க வேண்டும். வகைப்பாட்டின் அடுத்த திருத்தத்தில் 44100 எந்தப் படியில் இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யுமுன், கனடா புள்ளிவிவரத் துறையும் வேலைவாய்ப்புத் துறையும் பராமரிப்பாளர்களை நேரில் அழைத்துக் கேட்க வேண்டும். குடிவரவு அமைச்சர் இக்கோரிக்கைகளுக்கு எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

செயற்குழு