உலக்கைக்குப் பூண் மாதிரி

போன வாரம் ஒரு கடைவாய்ப்பல்லைப் பறிகொடுத்தேன். கீழ்வரிசை, இடப்பக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் மூன்று சிட்டிங் போய், பணத்தைக் கொட்டி, ரூட் கெனால் செய்துகொண்ட அதே பல். வறுத்த வேர்க்கடலையை ஒரு கடி கடித்தேன், மடக்கென்று சத்தம். நெடுக்காகப் பிளந்துவிட்டது. “பிடுங்குறதைத் தவிர வழியில்ல. அப்பவே கேப் போட்டுக்குங்கன்னு சொன்னேனே சார்?” என்றார் டாக்டர்.

சொன்னார், மறுக்கவில்லை. எப்படிச் சொன்னார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வாயெல்லாம் மருந்து வாடையோடு நாற்காலியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறேன். கையுறையைக் கழற்றியபடியே, “ஒரு கேப் போட்டுக்குங்க. மெட்டல்னா இவ்வளவு, செராமிக் இவ்வளவு, ஜிர்கோனியா இவ்வளவு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். என் காதில் விழுந்தது விலைப்பட்டியல் மட்டும். வலிதான் நின்றுவிட்டதே, வேட்டி வாங்க வந்தவன் தலையில் சட்டைத்துணியையும் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து வந்துவிட்டேன்.

வலி நின்றது பல் தேறியதால் இல்லையாம். உள்ளே இருந்த நரம்பையே எடுத்துவிட்டதால் நின்றதாம். சொத்தை அரித்தது போக, மருத்துவர் குடைந்தது போக, மிஞ்சி நின்றது வெறும் சுவர். கடைவாயில் விழுகிற அழுத்தத்துக்கு அது என்றைக்காவது பிளக்கும். பிளக்காமல் சுற்றிப் பிடிப்பதற்குத்தான் கேப். இதெல்லாம் பல் போனபிறகு நானாகத் தேடித் தெரிந்துகொண்டது. உலக்கைக்குப் பூண் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். “உலக்கைக்குப் பூண் மாதிரி சார்” என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடன் வாங்கியாவது போட்டிருப்பேன்.

அவர் கைராசியைக் குறை சொல்ல மாட்டேன், ஊசி போட்டதே தெரியவில்லை. பேச்சுதான் வரமாட்டேன் என்கிறது. வந்தாலும், எச்சில் உறிஞ்சும் குழாயை வாயில் மாட்டியபிறகு வரும். “பாக்கு போடுவீங்களா?” என்று ஒருமுறை கேட்டார். இல்லை என்பதற்கு “ஆ” என்றேன். என் அட்டையில் இன்றைக்கும் ‘பாக்குப் பழக்கம் உண்டு’ என்று இருக்கிறது.

இல்லாவிட்டால் அதட்டல். “என்ன சார், பல்லே தேய்க்கிறதில்லையா?” என்று, ஐம்பத்தெட்டு வயதுக்காரனை, உதவிக்கு நிற்கிற சின்னப்பெண் முன்னால். அந்த வெட்கத்தில் ஒரு வருடம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஈறோரத்தில் பிரஷ் படவில்லை, அவ்வளவுதான். கண்ணாடியைக் கையில் கொடுத்து, “இங்க பாருங்க, இந்த ஓரம்” என்று காட்ட ஒரு நிமிடம் ஆகுமா?

என் மனைவி ஸ்கேலிங் என்றாலே ஓடுகிறாள். சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டார். பல்லிடுக்கை அடைத்திருந்த காரை போனதும் நாக்குக்கு இடைவெளி தட்டுப்படுகிறது, அதுதான் விஷயம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த அக்கா பேச்சு எடுபட்டிருக்குமா?

இத்தனைக்கும் இப்படி எடுத்துச் சொல்வது அவர்கள் படிப்பிலேயே இருக்கிறதாம். பயப்படும் குழந்தைக்கு முதலில் சொல்லு, பிறகு காட்டு, அப்புறம் செய் என்று 1959-இல் அடெல்ஸ்டன் என்பவர் எழுதிவைத்தார். பல் மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் அதைச் சொல்லித்தருகிறார்கள். மீசை முளைத்தவனுக்கு மட்டும் பயம் இருக்காது என்று யார் சொன்னது?

பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, “அரை மணி நேரம் கடிச்சுக்குங்க” என்றார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, “இந்த இடத்துல இம்ப்ளான்ட் வெச்சுக்கலாம் சார்” என்று தொகையையும் சொன்னார். எதற்கு, வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று இந்தத் தடவை கேட்டே விடுவதென்று நிமிர்ந்தேன். பஞ்சைத் தாண்டி “ம்” என்றுதான் வந்தது. அவர் அட்டையை எடுத்து என்னவோ எழுதிக்கொண்டார்.